முழங்காலின் விலையும் சிறுநீரின் விலையும்

2016 ஏப்ரல் 28, வியாழக்கிழமை மாலை. சிகாகோவின் ஆடிட்டோரியம் தியேட்டரில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் தன் வருடாந்திர வீரர் தேர்வைத் தொடங்க இன்னும் கால்மணி நேரம்கூட இல்லை. லேரமி டன்சில் என்ற 21 வயது இளைஞர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருக்கிறார். முதல் ஏழெட்டுப் பேருக்குள் வந்துவிடுவார் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய ட்விட்டர் கணக்கில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்ட ஒருவர், அதில் பொருத்திய குழாய் வழியே புகையை இழுக்கிறார். முகமூடி கழன்றதும் தெரிவது டன்சிலின் முகம். யாரோ அவர் கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து அதைப் போட்டிருந்தார்கள். வீடியோ பழையது என்றார் டன்சில். அதில் இருப்பது தான் அல்ல என்று சொல்லவில்லை.

அவர் ஆடுவது லெஃப்ட் டேக்கிள் என்ற இடத்தில். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து பாய்ந்து வரும் முரடர்களை மறித்து நிறுத்துவதுதான் அந்த இடத்துக்காரரின் வேலை. 6ஆவது முறை பால்டிமோர் அணியுடையது. அவர்களுக்குத் தேவைப்பட்டதும் அப்படி ஓர் ஆள்தான். ஆனால் ரானி ஸ்டான்லியை எடுத்துக்கொண்டார்கள். 8ஆவது முறையில் டென்னசி அணியும் இன்னொரு டேக்கிளை எடுத்தது. டன்சிலின் பெயர் 13ஆவதாக வந்தது, மயாமி அணியிடமிருந்து. 6ஆவது ஆளின் நான்கு வருட ஒப்பந்தம் சுமார் 2 கோடி டாலர். 13ஆவது ஆளுக்குச் சுமார் 1 கோடியே 24 லட்சம். சில விநாடி வீடியோவின் விலை என்று பார்த்தால் உலகத்திலேயே அதிகமானவற்றில் ஒன்றாக இருக்கும்.

அதே தேர்வில், மறுநாள் இரண்டாம் சுற்றில், இன்னும் இருவர் பெயர் வந்தது. 34ஆவதாக ஜெய்லன் ஸ்மித், 36ஆவதாக மைல்ஸ் ஜாக். இருவரும் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரர்கள். உடம்பு சரியாக இருந்தால் இருவருமே முதல் ஐந்து பேருக்குள் போயிருக்க வேண்டியவர்கள் என்று பேசப்பட்டவர்கள். ஸ்மித்தின் சிக்கல் ஒரு நரம்பு. ஜாக்கின் சிக்கல் முழங்கால் குருத்தெலும்பு. டன்சிலின் சிக்கல் ஒரு முகமூடி. அணி நிர்வாகிகள் மூன்றையும் 'ரிஸ்க்' என்று ஒரே பத்தியில் எழுதிவைத்துக்கொள்வார்கள். அறிவியல் கண்ணோடு பார்த்தால் மூன்றும் ஒரே பத்தியில் நிற்கக்கூடியவை அல்ல. காயத்தின் விலையைத் திசுக்கள் தீர்மானிக்கின்றன. எந்த நிர்வாகியாலும் அவற்றை அவசரப்படுத்த முடியாது. கஞ்சாவின் விலையைத் தீர்மானிப்பதோ லீகின் விதிப்புத்தகம். அதை ஒரு கூட்டம் போட்டு மாற்றிவிடலாம். மாற்றியும் இருக்கிறார்கள்.

கால்பந்து என்று சொன்னாலும் நம் ஊரில் காலால் உதைத்து ஆடுவது வேறு, இது வேறு. நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் முட்டி மோதி, நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். கல்லூரியில் ஆடிக்கொண்டிருப்பவர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 1936இலிருந்து நடக்கிறது. ஐபிஎல் ஏலத்தில் ஒரு வீரரின் தோள்பட்டை பற்றிச் சந்தேகம் இருந்தால் அவருக்குக் கேட்கும் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. லீகும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ அந்த எண்ணுக்கு இவ்வளவு சம்பளம் என்று ஏறக்குறைய முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. ஆகவே பயத்தைக் காட்ட ஒரே வழி, அவரைத் தாண்டிப் போவது. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் விலை தானாக இறங்குகிறது. ஏதோ ஓர் அணிக்கு 'இந்த விலைக்குச் சரி' என்று தோன்றும் வரை.

அந்த இறக்கத்தின் சரிவையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான ஒரு புள்ளிப் பட்டியல் இன்றும் பேச்சில் இருக்கிறது. முதல் முறைக்கு 3000 புள்ளி, ஐந்தாவதற்கு 1700, 13ஆவதற்கு 1150, 34ஆவதற்கு 560. ஐந்தாவதிலிருந்து 34ஆவதுக்குச் சரிந்த ஒருவரின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சரிவு தொடங்கும் இடம் மைதானம் அல்ல, மருத்துவமனை. பிப்ரவரி கடைசியில் முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இந்தியானாபோலிஸ் நகரில் கூடுகிறார்கள். தொலைக்காட்சியில் காட்டுவது 40 கெஜ ஓட்டத்தையும் நீளம் தாண்டுவதையும்தான். உண்மையில் கம்பைன் எனப்படும் இந்த முகாம் 1980களில் தொடங்கியதன் முக்கியக் காரணமே மருத்துவப் பரிசோதனை. ஒவ்வோர் அணியும் தனித்தனியாக ஒரே பையனை வரவழைத்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த கூத்தை நிறுத்தி, எல்லோரும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ரத்தம், சிறுநீர், இசிஜி, பழைய காயம் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ரே அல்லது எம்ஆர்ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் மணிக்கணக்கில் கிடந்ததுதான் கம்பைனில் தங்கள் முதல் நினைவு என்று சொல்லும் வீரர்கள் உண்டு.

அதற்குப் பிறகு அறை அறையாகப் போக வேண்டும். ஒவ்வோர் அறையிலும் சில அணிகளின் மருத்துவர்கள். வீரர் மேசையில் மல்லாந்து படுக்கிறார். மருத்துவர் முழங்காலை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் எலும்பை முன்னால் வெடுக்கென்று இழுக்கிறார். ஏசிஎல் எனப்படும் முன் குறுக்குத் தசைநார் நன்றாக இருந்தால், கயிறு இழுபட்டு நிற்பதுபோல எலும்பு சட்டென்று நிற்கும். தளர்ந்திருந்தால் அந்த நிற்றல் மெத்தென்று, நிச்சயமில்லாமல் இருக்கும். லாக்மன் சோதனை என்று பெயர். எம்ஆர்ஐ காலத்திலும் எலும்பியல் மருத்துவர்கள் இந்தக் கைச்சோதனையை விடவில்லை. ஒருவர் இழுத்துப் பார்த்ததும் அடுத்தவர் இழுப்பார். காயம் இல்லாமல் உள்ளே போன முழங்கால்கூட மாலையில் வலியோடுதான் வெளியே வரும் என்று வீரர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஸ்மித்தின் காலுக்கு வருவோம். 2016 ஜனவரி 1, அரிசோனாவில் ஃபியஸ்டா பௌல் ஆட்டம். நோட்ரடேம் பல்கலைக்கழகத்துக்கு அவர் ஆடும் கடைசி ஆட்டம் அதுதான் என்று பரவலாகப் பேசப்பட்டது. நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. எதிரணியான ஓஹாயோ ஸ்டேட்டின் வீரர் ஒருவர் தள்ளியதில் இடது கால் கோணலாகத் தரையில் ஊன்றி, முழங்கால் பின்பக்கமாக வளைந்தது. முன் குறுக்குத் தசைநாரும் வெளிப்பக்கத் தசைநாரும் கிழிந்தன. இரண்டும் பெரிய காயம்தான், ஆனால் அறுவை சிகிச்சையில் சரிசெய்யக்கூடியவை. டிராஃப்ட் பட்டியல்களை ஆட்டிவைத்தது மூன்றாவது விஷயம்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தால் ஒரு சின்ன எலும்புப் புடைப்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது பெரோனியல் நரம்பு. நடக்கும்போது பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கும் தசைகளுக்கு ஆணை போவது இதன் வழியாகத்தான். வெளிப்பக்கத் தசைநார் அறுந்து முழங்கால் அந்தப் பக்கமாகப் பிளந்து திறந்தால், இந்த நரம்பு இழுபடும். இழுவை அதிகமானால் பாதம் தொங்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் கால் விரல் தரையில் உரசும். ஸ்மித்துக்கு அதுதான் நடந்தது.

நரம்புக்குத் தன் வேகம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் இழை அறுந்து வெளியுறை மிஞ்சியிருந்தால், அந்த உறைக்குள்ளேயே இழை மறுபடி வளரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். மறுபக்கம் தசைக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு. ஆணை வராமல் ஒன்றரை வருடம்போலக் கிடந்தால் தசை சுருங்கி நாராகிவிடும். அதன் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பயன் இல்லை. ஆக, இரண்டு கடிகாரங்களுக்கு இடையே ஓர் ஓட்டப் பந்தயம். எந்தக் கடிகாரம் ஜெயிக்கும் என்று நான்கு மாதத்தில் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசி வைத்துத் தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் சோதனையில் ஏதாவது அசைவு தெரிந்தால் நம்பிக்கை, அவ்வளவுதான். பல அணிகள் ஸ்மித்தைத் தங்கள் பட்டியலிலிருந்து ஒரேயடியாக நீக்கிவிட்டன என்று அப்போது செய்தி வந்தது. அவர்களைக் குறைசொல்ல முடியாது.

டல்லஸ் மட்டும் எடுத்தது. அவர்களிடம் மற்ற 31 அணிகளிடம் இல்லாத ஒன்று இருந்தது. ஸ்மித்துக்கு அறுவை சிகிச்சை செய்த டான் கூப்பர்தான் டல்லஸ் அணியின் மருத்துவர். நரம்பு இழுபட்டிருக்கிறது, அறுபடவில்லை என்பதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். மற்றவர்கள் அறிக்கையைப் படித்தார்கள். இவர் காலைத் திறந்து பார்த்திருக்கிறார். பங்குச் சந்தையில் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள். டிராஃப்டில் இதற்குத் தடை எதுவும் இல்லை. அதே தேர்வில் 4ஆவது முறையில் டல்லஸ் எடுத்த எசிகியல் எலியட்டின் ஒப்பந்தம் சுமார் 2.5 கோடி டாலர். ஸ்மித்துக்கு ஆனது சுமார் 65 லட்சம்.

2016 பருவம் முழுக்க ஸ்மித் ஆடவில்லை. 2017இல் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு கவசப் பட்டையைக் காலணிக்குள் போட்டுக்கொண்டு ஆடினார். நரம்பு மெல்லத் திரும்பியது. 2019இல் அவருக்குப் பல கோடி டாலருக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைத்தது, நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்கும் தேர்வானார். 2021 அக்டோபரில் டல்லஸ் அவரை விடுவித்தது. இதை வெற்றிக் கதை என்பதா, தோல்விக் கதை என்பதா? முதல் ஒப்பந்தக் காலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் டல்லஸுக்கு லாபம்தான்.

மைல்ஸ் ஜாக்கின் முழங்காலில் இருந்த பயம் இதற்கு நேர்மாறு. ஸ்மித்தால் இந்த வருடம் ஆட முடியாது, பிறகு முடியலாம். ஜாக்கால் இந்த வருடம் ஆட முடியும், பிறகு முடியுமா? 2015 செப்டம்பரில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் பயிற்சியின்போது அவருக்கு மெனிஸ்கஸ் கிழிந்தது. தொடை எலும்புக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் நடுவில், அதிர்ச்சியைத் தாங்க வைத்திருக்கும் பிறைவடிவத் திண்டு அது. அதன் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்தம் போகிறது. அங்கே கிழிந்தால் தைத்து ஆற்றலாம். உள் ஓரத்துக்கு ரத்த ஓட்டம் இல்லாததால், அங்கே கிழிந்ததைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டிக்கொண்டவன் மூன்று நான்கு வாரத்தில் மைதானத்துக்குத் திரும்பிவிடுவான். தைத்துக்கொண்டவன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விளையாட்டு வீரர்கள் எதை விரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் திண்டு இல்லாத மூட்டில் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேயத் தொடங்குகிறது. அதற்கும் ரத்தம் கிடையாது, நரம்பும் கிடையாது. தேயும்போது வலிக்காது, தேய்ந்து முடிந்த பிறகுதான் வலிக்கும். அப்போது செய்வது மைக்ரோஃப்ராக்சர் என்ற வைத்தியம்: எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, உள்ளிருந்து கசியும் ரத்தமும் செல்களும் சேர்ந்து ஒரு வடுக் குருத்தெலும்பை உண்டாக்கும்படி விடுவது. கிடைப்பது பழையதைப்போல உறுதியாக இருக்காது. டிராஃப்டுக்கு முந்தைய நாட்களில் ஜாக் ஒரு பத்திரிகையிடம், பின்னாளில் தனக்கு இந்த மைக்ரோஃப்ராக்சர் தேவைப்படலாம் என்று வெள்ளந்தியாகச் சொன்னார். நேர்மைக்கு இவ்வளவு சம்பளப் பிடித்தம் வேறு எந்த வேலையிலும் இருக்காது.

என்எஃப்எல் வீரர்களின் பழைய மருத்துவப் பதிவுகளை வைத்து ராபர்ட் ப்ரோஃபி குழுவினர் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தப் பயத்துக்கு ஆதாரம் தருகிறது. கல்லூரிக் காலத்தில் ஏசிஎல் அறுவை மட்டும் செய்துகொண்டவர்களின் ஆட்டவாழ்க்கை குறிப்பிடத்தக்க அளவு சுருங்கவில்லை. மெனிஸ்கஸை வெட்டி எடுத்தவர்களுக்குச் சுருங்கியது. இரண்டும் சேர்ந்தவர்கள் நிலை இன்னும் மோசம். ரசிகர்களுக்கு ஏசிஎல் என்றாலே நடுக்கம். 'மெனிஸ்கஸ்தானே' என்று அதைச் சாதாரணமாக விட்டுவிடுவார்கள். அணி மருத்துவரின் கவலை தலைகீழாக இருக்கும்.

அவருடைய கேள்வியும் நாம் கேட்கும் கேள்வி இல்லை. இந்தப் பையன் நாற்பது வயதில் மாடிப்படி ஏறுவானா என்பது அணிக்கு முக்கியமில்லை. முதல் ஒப்பந்தம் நான்கு வருடம். முழங்கால் நான்கு வருடம் தாங்குமா? ஏசிஎல் கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து முதல் இருபது வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வருகிறது என்று எலும்பியல் ஆய்வுகள் சொல்கின்றன. அந்தத் தேய்மானம் அணியின் கணக்கில் ஏறாது; வீரர்தான் அனுபவிக்க வேண்டும். சில சமயம் அது சீக்கிரமே வந்துவிடும். டாட் கர்லியின் ஏசிஎல் 2014 நவம்பரில் கிழிந்தது. ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2015 டிராஃப்டில் ராம்ஸ் அணி அவரை 10ஆவதாகவே எடுத்தது. அந்த வருடமே சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது. 2018இல் பெரிய ஒப்பந்தம். 2019இல் முழங்காலில் ஆர்த்ரைட்டிஸ் என்று செய்தி. 2020இல் அணியிலிருந்து விடுவிப்பு. வைத்துத் தைத்த தசைநார் கடைசிவரை தாங்கியது; அதைச் சுற்றியிருந்த மூட்டு தாங்கவில்லை.

ஜாக்கோ தன்னை எடுத்த ஜாக்சன்வில் அணிக்கு ஆறு பருவம் ஆடினார். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஜாக்சன்வில் தன் 5ஆவது முறையில் ஜாக்கைத் தாண்டி, ஜேலன் ராம்சியை எடுத்திருந்தது. டிராஃப்ட் முடிந்த அடுத்த மாதமே பயிற்சியில் ராம்சிக்கு மெனிஸ்கஸ் கிழிந்து, அறுவை மேசையில் படுத்தார். அது சின்னக் கிழிசல். விரைவில் சரியாகி பெரிய நட்சத்திரமானார். மருத்துவ மதிப்பெண் ஒரு நிகழ்தகவு மட்டுமே என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடிக் கிடைக்காது.

இதய விவகாரங்கள் வேறு ரகம். 2013இல் ஸ்டார் லோட்டுலெலே என்ற பிரம்மாண்டமான வீரரின் எக்கோ சோதனையில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைவாகத் தெரிந்தது. வைரஸ் தொற்றால் வந்த தற்காலிகக் கோளாறாக இருக்கலாம் என்று கருதப்பட்டு, மறு சோதனையில் தேறி, 14ஆவதாகப் போனார். 2018இல் மாரிஸ் ஹர்ஸ்டுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. கம்பைனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, முதல் சுற்று ஆள் என்று பேசப்பட்டவர் ஐந்தாம் சுற்றில் 140ஆவதாக எடுக்கப்பட்டார். பிறகு பல பருவம் ஆடவும் செய்தார். முழங்காலில் தவறு செய்தால் பணம் போகும், இதயத்தில் தவறு செய்தால் உயிர் போகும் என்பதால் இங்கே அணிகள் மிகையாகப் பயப்படுவதை நான் குறை என்று நினைக்கவில்லை.

இப்போது அந்த முகமூடி. ஒருவர் கஞ்சா புகைத்தால் அதிலுள்ள டிஎச்சி மூளைக்குப் போய்ச் சில மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டு அடங்கிவிடும். ஆனால் அது கொழுப்பில் கரையும் பொருள். உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கி, கல்லீரல் மாற்றிய கழிவு வடிவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேறும். எப்போதாவது இழுப்பவருக்குச் சில நாட்கள், தினமும் இழுப்பவருக்குப் பல வாரங்கள். ஆகவே சிறுநீர்ச் சோதனை சொல்வது 'இவர் போதையில் இருக்கிறார்' என்பதை அல்ல. 'இவர் அண்மையில் எப்போதோ பயன்படுத்தினார்' என்பதை. அதிலும் எவ்வளவு இருந்தால் 'பாசிட்டிவ்' என்பது இயற்கை வகுத்த எல்லை இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி வைத்த எண்.

அந்த எண்ணின் பயணத்தைப் பாருங்கள். 2014க்கு முன்பு என்எஃப்எல் வரம்பு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராம். 2014இல் 35 ஆனது. 2020 ஒப்பந்தத்தில் 150. 2024 டிசம்பரில் 350. மனிதச் சிறுநீரகம் அதற்குள் மாறிவிடவில்லை. பல மாநிலங்களில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது, வீரர் சங்கம் பேரம் பேசியது, எண் நகர்ந்தது. 2020க்குப் பிறகு டிஎச்சி பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஆட்டத் தடை கிடையாது. கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவும் 2024இல் உயர்மட்டப் பிரிவின் தடைப் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்துவிட்டது.

பழைய விதியில் ஏன் அணிகள் அவ்வளவு பயந்தன என்பதற்கு ராண்டி கிரெகரியைப் பார்த்தால் போதும். 2015 கம்பைன் சோதனையில் அவருக்குக் கஞ்சா பாசிட்டிவ். முதல் சுற்று ஆள் 60ஆவதாக, மறுபடியும் டல்லஸிடம் போனார். அன்றைய விதிப்படி, கம்பைனில் பாசிட்டிவ் வந்தால் உடனே தடை இல்லை; ஆனால் லீகின் கண்காணிப்புத் திட்டத்துக்குள் நேராக நுழைய வேண்டும். மற்றவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவை சோதனை என்றால், உள்ளே இருப்பவருக்கு மாதத்துக்குப் பல தடவை. அடிக்கடி சோதித்தால் அடிக்கடி மாட்டுவார். அபராதம், நான்கு ஆட்டத் தடை, பத்து ஆட்டம், பிறகு ஒரு வருடம் என்று படிக்கட்டு. கிரெகரி அந்தப் படியில் எல்லாம் ஏறினார். பெரும்பகுதி வருடங்கள் மைதானத்துக்கு வெளியே கழிந்தன. விதி தளர்ந்த பிறகு திரும்பி வந்து, 2022இல் டென்வர் அணியோடு 7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஆடாமல் போன அந்த வருடங்களைத் தின்றதில் கஞ்சாவின் பங்கு எவ்வளவு, படிக்கட்டின் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பார்க்கலாம்.

கம்பைன் சோதனை எந்த வாரத்தில் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் மாட்டுகிறவரைப் பற்றித் திறன் தேடுவோர் சொல்வது: அது போதைச் சோதனை இல்லை, புத்திச் சோதனை. கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் சில வாரம் நிறுத்த முடியாதவருக்குத் தேவைப்படுவது மருத்துவ உதவியாகவும் இருக்கலாம். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு வந்து ஏமாற்றுவதும் பலிக்காது. தசைகள் அன்றாடம் வெளியேற்றும் கிரியாட்டினின் சிறுநீரில் மிகவும் குறைந்திருந்தால் மாதிரி நீர்த்தது என்று தெரிந்துவிடும். லீக் அதையும் பாசிட்டிவாகவே எண்ணும். 2017இல் அலபாமாவின் ரூபன் ஃபாஸ்டருக்கு அப்படித்தான் ஆனது. தோள்பட்டைத் தசைநாணில் அறுவை, அது சரியாக ஆறவில்லையோ என்ற சந்தேகம், மருத்துவமனையில் காத்திருந்தபோது ஊழியரோடு வாக்குவாதம், கம்பைனிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது, அதன் மேல் நீர்த்த மாதிரி. பத்துக்குள் வருவார் என்றவர் 31ஆவதாக வந்தார். இதில் எந்தக் காரணத்துக்கு எத்தனை இடம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஊக்கமருந்து தனி விதி, தனித் தண்டனை. அங்கே வரம்புகள் தளரவில்லை, தளர வேண்டியதும் இல்லை. என்னை உறுத்துவது வேறொன்று. வலிக்காகக் கஞ்சா எடுப்பதாகச் சொன்ன வீரர்கள் ஏராளம். அதே காலத்தில் ஆட்ட நாளன்று உடைமாற்றும் அறையில் வரிசையில் நின்று டோரடால் என்ற வலிநிவாரணி ஊசியைப் போட்டுக்கொள்வது பல அணிகளில் சர்வசாதாரணமாக இருந்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம் என்று தெரிந்த மருந்து. அணி மருத்துவர்களின் சங்கமே 2012இல் அதைக் கட்டுப்படுத்தச் சொல்லிப் பரிந்துரை கொடுத்தது. அந்த ஊசியால் எந்த வீரரின் டிராஃப்ட் இடமும் சரிந்ததில்லை. 2022இல் லீகும் வீரர் சங்கமும் சேர்ந்து, வலிக்குக் கஞ்சாப் பொருட்கள் உதவுமா என்று ஆராய இரண்டு பல்கலைக்கழகக் குழுக்களுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தன.

போதைப் பேச்சு வந்தாலே மூன்று பெயர்களைச் சொல்வார்கள். 1983இல் வதந்திகளால் 27ஆவதாகப் போன டான் மரினோ, 1995இல் 12ஆவதாக இறங்கிய வாரன் சாப், 1998இல் 21ஆவதாகப் போன ராண்டி மாஸ். மூவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில். 'பார்த்தீர்களா, பயந்தவர்கள் முட்டாள்கள்' என்பது வாதம். அதே காரணத்துக்காகச் சரிந்து, சரிந்த இடத்திலேயே காணாமல் போனவர்கள் பெயர் யாருக்கும் நினைவில் இல்லாததால் இந்த வாதம் பலமாகத் தெரிகிறது.

உடம்பு நன்றாக இருப்பவர்களைப் பற்றிய கணிப்பே அவ்வளவு துல்லியமில்லை. பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாஸியோடு சேர்ந்து டிராஃப்ட் பதிவுகளை அலசினார். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்தவராக அமைவது பாதிக்குச் சற்றே அதிகமான தடவைதான். ஏறக்குறைய நாணயம் சுண்டுவது. இந்த மங்கலான கணிப்பின் மேல்தான் எம்ஆர்ஐ படமும் நானோகிராமும் வந்து உட்காருகின்றன. 32 மருத்துவர்கள் ஒரே படத்தைப் பார்த்து 32 மதிப்பெண் போடுகிறார்கள். சராசரி அபிப்பிராயம் என்ன என்பது வீரரின் இடத்தை முடிவு செய்வதில்லை; யாருக்கு மிகக் குறைவாகப் பயமோ அந்த ஓர் அணிதான் முடிவு செய்கிறது. டன்சிலுக்கு அது மயாமி. மூன்று வருடம் ஆடவைத்துவிட்டு 2019இல் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, பதிலாக இரண்டு முதல் சுற்று முறைகளையும் ஓர் இரண்டாம் சுற்று முறையையும் உள்ளடக்கிய பெரிய தொகுப்பையே வாங்கியது. அங்கே போய் 2023இல் மூன்று வருடத்துக்கு 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார் டன்சில்.

வீரர் பக்கத்தில் இருக்கும் ஒரே பாதுகாப்பு காப்பீடு. நட்சத்திரக் கல்லூரி வீரர்கள், காயத்தால் டிராஃப்ட் இடம் சரிந்தால் ஈடு தரும் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். ஸ்மித்திடம் அது இருந்தது. பல லட்சம் டாலர் கிடைத்தது. சௌத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோரும் பாலிசி வைத்திருந்தார். 2011இல் ஒரு முழங்கால், 2012 அக்டோபரில் மறு முழங்கால் மூட்டே விலகி மூன்று தசைநார்கள் கிழிந்து, 2013இல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டு, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014இல் 23 வயதில் ஓய்வு பெற்றவர். இந்தப் பாலிசிகள் காயத்துக்கும் நோய்க்கும் மட்டுமே. போதைச் சோதனையாலோ ஒரு வீடியோவாலோ ஏழு இடம் சரிந்தவர் எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டினாலும் ஒரு டாலர்கூடக் கிடைக்காது.